நாய் வருஷத்துக்காரியின் கன்னங்கள்

சாசூன் அந்தப் பொய்யைச் சொன்னபோது அவள் உடம்பில் ஒரு நூல்கூட இல்லை. பிற்பாடு நினைத்துப் பார்க்கையில் அவளுக்கு இதுதான் வேடிக்கையாகப் பட்டது. ஒரு கைக்குட்டையை ஒளித்துவைக்கக்கூட வழியில்லாத இடத்தில், தன் வயதில் ஆறு வருஷத்தை ஒளித்துவிட்டாள்.

இடம், கொரியாவின் பூசான் நகரத்தில் குபோ சந்தைக்குப் பின்னால் இருக்கும் சோங்பா குளியல் விடுதி. அதன் பெண்கள் பகுதியில் யாரும் துணியோடு குளிப்பதில்லை. இருபத்திரண்டு வருஷமாக அவள் போய்க்கொண்டிருந்த பழைய விடுதியைக் குளிர்காலத்தில் மூடிவிட்டார்கள். அதன் புகைபோக்கி மட்டும், சொல்ல வந்ததை மறந்துவிட்ட ஆள் மாதிரி தெருவில் நின்றது. ஒரு மாதம் வீட்டிலேயே குளித்துப் பார்த்தாள். குளித்த மாதிரியே இல்லை. மழையில் மாட்டிக்கொண்டது போலிருந்தது. மார்ச் முதல் தேதி, சுரங்க ரயிலில் இரண்டு நிறுத்தம் வந்து சோங்பாவில் மாதச் சீட்டு வாங்கினாள்.

எந்தக் குளியல் விடுதியிலும் மாதச் சீட்டுக்காரிகளுக்குத் தனி ராஜ்ஜியம் உண்டு. சோங்பாவில் காலை ஆறு மணி ராஜ்ஜியத்தை ஆண்டவள் யங்னான். வயது அறுபத்திரண்டு. சந்தையில் நெத்திலிக் கருவாட்டுக்கு மொத்தக் கடை வைத்திருந்தாள். சுடுதண்ணீர்த் தொட்டியை ஒட்டிய முதல் குழாய் அவளுடையது. தெரியாமல் யாராவது அங்கே உட்கார்ந்துவிட்டால் ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். பக்கத்தில் வந்து நின்று, அவர்களாக எழுந்து போகும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள். இரண்டாவது குழாயில் அவள் தோழி மல்சூக். முகம் முழுக்க வெள்ளரிக்காய்ச் சில்லுகளை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதால், மல்சூக்கின் முகத்தை அங்கே பாதிப் பேர் பார்த்ததே இல்லை. மூலையில் ஊதா நிற ரெக்சின் கட்டிலருகே பாங் நிற்பாள். வருகிறவர்களைப் படுக்கவைத்து அழுக்குத் தேய்த்துவிடுவது அவள் தொழில். நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு உடம்பு பார்ப்பவள், பேச்சு குறைவு.

முதல் நாள் சாசூன் தன் முக்காலியைப் போட்டதும் யங்னான் திரும்பினாள். முகத்தைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள், மறுபடி முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க எந்த வருஷம் பொறந்தீங்க?"

இது எல்லோரும் கேட்பதுதான். யார் மூத்தவள் என்று தெரிந்தால்தான் யார் 'நீங்க', யார் 'நீ' என்பது முடிவாகும். அது முடிவாகாமல் வாயைத் திறக்க முடியாது. ஆடை இருந்தால் அதைப் பார்த்தாவது குத்துமதிப்பாகச் சொல்லலாம். இங்கே அதற்கும் வழியில்லை.

சாசூன் பதில் சொல்லத்தான் போனாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு, நாய் வருஷம், அறுபத்தாறு வயது. அங்கே ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு பிராணியின் பெயர், பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை அதே பெயர் திரும்பி வரும். ஆனால் யங்னானுக்குக் காத்திருக்கும் பழக்கம் கிடையாது.

"எனக்கு அப்புறம்தான். சந்தேகமே இல்ல. டிராகன் வருஷமா?"

டிராகன் என்றால் அறுபத்துநாலில் பிறந்தவள், வயது அறுபது.

ஐந்து மாதமாகச் சாசூன் இந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருந்தாள். மகள் ஹேரிம் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். அவள் கொண்டுவந்து கொடுத்ததுதான் அந்த டப்பா. மீன் தோலிலிருந்து எடுத்த கொலாஜன் தூள், விரல் நீளப் பொட்டலங்களில். தினம் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரில் கலந்து ஒன்று. லிச்சிப் பழ மணம் முன்னால் வரும், அதன் பின்னாலேயே, கதவிடுக்கில் எட்டிப் பார்ப்பது போல ஒரு மீன் வாசம். சிலருக்குப் பலன் தெரியும், சிலருக்குத் தெரியாது, மூன்று மாதமாவது விடாமல் குடி, வெயிலில் தொப்பி போடு, ஒழுங்காகத் தூங்கு என்று ஹேரிம் நீளமாகச் சொல்லியிருந்தாள். கணவர் டோக்மான் சுருக்கமாகக் கேட்டார்: "அப்போ அந்த மீனுக்கு மூஞ்சியில சுருக்கமே இருந்திருக்காதோ?"

அவள் விடவில்லை. மூன்றாம் மாதம் நகங்கள் பிளவுபடுவது நின்றது. படி ஏறும்போது முழங்கால் போடும் சத்தம் குறைந்தது. முன்பெல்லாம் தலையணை மடிப்பு கன்னத்தில் பதிந்தால் மத்தியானம்வரை இருக்கும். இப்போது சோறு வேகுமுன் மறைந்துவிடுகிறது. தூளின் வேலையா தூக்கத்தின் வேலையா என்று ஹேரிம் கேட்டாள். சாசூனுக்கு அதில் சந்தேகம் இல்லை. அவளுக்கிருந்த ஒரே குறை, இதை யாரும் கவனிக்கவில்லை என்பதுதான். கவனிக்கப்படாத கன்னம், யாரும் இறங்காத ரயில் நிலையத்தில் பூத்த பூ மாதிரி.

இப்போது ஒருத்தி கவனித்துவிட்டாள். அதுவும் ஆறு வருஷம் தள்ளுபடியோடு.

"ஆமா," என்றாள் சாசூன். "டிராகன்தான்."

"அப்போ தங்கச்சி," என்றாள் யங்னான். அந்த நொடியோடு 'நீங்க' போய்விட்டது. "அந்த வாளியை இப்படித் தள்ளு."

அன்றைக்குத் தள்ள ஆரம்பித்தது நிற்கவில்லை. கூட்டத்தில் சின்னவள் என்றால் அதற்குரிய வேலைகள் உண்டு. வெளியே போய் எல்லோருக்கும் ஐஸ் காபி வாங்கி வருவது, நீராவி அறையில் பாய் விரிப்பது, மல்சூக்கின் முகத்திலிருந்து நழுவிய வெள்ளரிக்காயை வடிகாலை அடைக்குமுன் பொறுக்குவது. எல்லாவற்றுக்கும் மேல் முதுகு. முதுகு தேய்க்க சுவரில் ஒரு இயந்திரம் இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் வட்டத் தட்டு சுழலும், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றால் போதும். ஆனால் இயந்திரத்துக்கு எங்கே அரிக்கிறது என்று தெரியாது என்பது யங்னானின் கட்சி. எனவே தன்னைவிட நான்கு வருஷம் இளையவளின் முதுகை, "போதுமாக்கா? அழுத்தட்டுமாக்கா?" என்று கேட்டுக் கேட்டுத் தேய்த்தாள் சாசூன்.

சில நாள் தோள்பட்டை வலிக்கும். வீட்டுக்கு வந்து மருந்துப் பட்டை ஒட்டிக்கொள்வாள். இளமையாக இருப்பது இவ்வளவு உடம்பு வலியா என்று டோக்மான் கேட்டார். அவரிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லியிருந்தாள். அது தப்பாகப் போயிற்று. அதன் பிறகு அவர் செருப்பைத் தேடும்போதெல்லாம், "டிராகன் தங்கச்சி, அதை இப்படித் தள்ளு," என்றார்.

ஏப்ரலில் நால்வராகச் செர்ரிப் பூ பார்க்கப் போனார்கள், பாங்கும் விடுமுறை எடுத்துக்கொண்டு வந்தாள். சாசூனிடம் முதியோர் பயண அட்டை இருந்தது. அறுபத்தைந்து முடிந்தவர்களுக்குச் சுரங்க ரயில் இலவசம். ஆனால் அந்த அட்டையைக் காட்டினால் நுழைவு இயந்திரம் இரண்டு முறை கூவும். மற்றவர்களுக்கு ஒரு முறைதான். அந்த ஒரு கூவல் வித்தியாசத்துக்குப் பயந்து, அவள் காசு கொடுத்தே போனாள், காசு கொடுத்தே வந்தாள். பூவுக்கு அடியில் நின்று எடுத்த படத்தில் தன் கன்னம் நன்றாக விழுந்திருப்பதைப் பார்த்ததும் எல்லாம் சரியாகிவிட்டது.

ஜூன் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. சாசூன் வழக்கம்போல யங்னானின் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சாசூனின் குளியல் கூடையிலிருந்து ஒரு தூள் பொட்டலம் நழுவி, தண்ணீரோடு வழுக்கிக்கொண்டு மல்சூக்கின் காலடியில் போய் நின்றது. மல்சூக் ஒரு கண்ணிலிருந்த வெள்ளரிக்காயை எடுத்துவிட்டுப் படித்தாள்.

கொலாஜன் என்றதும் பேச்சு சூடு பிடித்தது. மல்சூக்கின் நாத்தனார் இதைக் குடித்துத்தான் முடி உதிர்வது நின்றதாம். மல்சூக்கும் வாங்க வேண்டும் என்று நாலு மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறாளாம். நிஜமாகவே பலன் இருக்கிறதா, தெரிந்தவர்கள் யாராவது சொன்னால்தான் நம்பலாம் என்றாள். சாசூனுக்கு வாயெல்லாம் பல். எட்டு மாதமாகக் குடிக்கிறேன் என்று சொல்லிவிட்டாள்.

யங்னான் முக்காலியோடு திரும்பி உட்கார்ந்தாள். ஈரக் கையால் சாசூனின் முகவாயைப் பிடித்து, விளக்குப் பக்கம் தூக்கி, இடமும் வலமும் திருப்பினாள். மூட்டை பிரித்து நெத்திலி பார்ப்பவளின் பார்வை.

"அறுபது வயசு. அறுபது மாதிரிதான் இருக்கா," என்றாள். "எட்டு மாசம் குடிச்சும் இவ்வளவுதான்னா எதுக்கு அது? நான் எங்க கடை நெத்திலியைத் தலையோட தின்னுட்டுப் போறேன். நீயும் வாங்காத மல்சூக்."

மல்சூக் பெருமூச்சு விட்டு வெள்ளரிக்காயைத் திரும்பக் கண்ணில் வைத்துக்கொண்டாள்.

யங்னான் முதுகைத் திருப்பினாள். "கொஞ்சம் மேல தேய், தங்கச்சி."

சாசூனின் கை மேலே போகவில்லை. அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. அறுபத்தாறு வயதில் அந்தக் கன்னம் ஓர் அதிசயம். அறுபதில் அது வெறும் கன்னம். எட்டு மாதம் வெறும் வயிற்றில் மீன் வாசத்தை விழுங்கிச் சேர்த்ததையெல்லாம், ஒரே ஒரு 'ஆமா'வில் அவளே அழித்துவிட்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் எப்போதும் தங்கச்சி. ஆனால் சுமாரான தங்கச்சி. உண்மையைச் சொன்னால் பொய்க்காரி என்ற பெயரோடு வேறு விடுதி தேட வேண்டியிருக்கும். பக்கத்தில் வேறு விடுதியும் இல்லை.

முன்னால் அந்த அகலமான முதுகு காத்திருந்தது.

"நான் டிராகன் இல்ல," என்றாள் சாசூன்.

"பின்ன?"

"நாய்."

சுவரில் அந்த இயந்திரம் மட்டும் யாருக்கும் முதுகு தேய்க்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. மல்சூக் விரல்விட்டு எண்ணினாள். எண்ண எண்ண ஒவ்வொரு வெள்ளரிக்காயாகக் கீழே விழுந்தது.

"ஐம்பத்தெட்டு நாயா?"

"அதே நாய்தான்."

யங்னான் நம்பவில்லை. தூளுக்கு மதிப்பு ஏற்றுவதற்காக வயதை ஏற்றுகிறாள் என்றாள். சாசூன் எழுந்து, தலையில் துண்டோடு, ஈரக் காலோடு, உடை மாற்றும் அறைக்குப் போனாள். பெட்டியைத் திறந்து முதியோர் பயண அட்டையை எடுத்துவந்து யங்னானின் முன்னால் நீட்டினாள். அறுபத்தைந்துக்கு ஒரு நாள் முன்னால் போனாலும் அதைத் தரமாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

யங்னான் அட்டையைப் பார்த்தாள். பிறகு, சாட்சி தேடுபவள் போல, மூலையில் நின்ற பாங்கைப் பார்த்தாள்.

"எனக்கு மொத நாளே தெரியும்," என்றாள் பாங், கட்டிலுக்குத் தண்ணீர் ஊற்றியபடியே. "மூஞ்சிதான் அந்தத் தூளைக் குடிக்கும். குதிகால் குடிக்காது."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"நீங்க குதிகாலைக் கேக்கலையே."

மூன்று மாதம். எத்தனை முதுகு, எத்தனை ஐஸ் காபி, எத்தனை 'இப்படித் தள்ளு'. அத்தனையும் யங்னானின் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போவதைச் சாசூன் பார்த்தாள். இப்போது கத்துவாள் என்று நினைத்தாள். யங்னான் எழுந்தாள். இடுப்பை வளைத்து ஒரு முழு வணக்கம் வைத்தாள். துணியில்லாமல் வைத்ததாலோ என்னவோ, அது அவ்வளவு கம்பீரமாக இல்லை. பிறகு தன் முக்காலியை முதல் குழாயிலிருந்து ஓர் அடி நகர்த்தினாள்.

"உக்காரு..." என்று ஆரம்பித்து, தொண்டையைச் செருமினாள். "உக்காருங்க. அக்கா."

சாசூன் உட்கார்ந்தாள். அந்த இடத்தில் தண்ணீர் நிஜமாகவே கூடுதல் சூடாக வந்தது. இருந்தாலும் உள்ளே எங்கோ சின்னதாக ஒரு வலி. இனி யாரும் அவளைத் தங்கச்சி என்று கூப்பிடப் போவதில்லை.

"பொய் சொன்னதுக்கு அபராதம் உண்டு," என்றாள் யங்னான், பின்னால் நின்று அவள் முதுகைத் தேய்த்தபடி. தேவைக்கு மேல் அழுத்தித்தான் தேய்த்தாள். "மூத்தவங்கதான் வாங்கித் தரணும். இன்னிக்கு மத்தியானம் பன்றிக்கால்."

மத்தியானம் நால்வரும் கிளம்பினார்கள். சுரங்க ரயில் வாசலில் சாசூன் தன் அட்டையை வைத்தாள். இயந்திரம் இரண்டு முறை கூவியது. அவளுக்கு அது மூன்றாம் முறையும் கூவியிருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது.

பன்றிக்கால் கடைக்காரி அவர்களுக்குப் புதியவள். மெதுவாக வெந்து, தோல் கண்ணாடியாக மின்னிய தட்டைக் கொண்டுவந்தாள். மேசையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்து, யார் பெரியவர் என்று முடிவுசெய்து, முதல் தட்டை இரண்டு கையாலும் மரியாதையாக வைத்தாள். யங்னான் முன்னால்.

மல்சூக் தண்ணீர்க் குவளைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள். பாங் சுவரில் ஒட்டியிருந்த உணவுப் பட்டியலை முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். சாசூன் கன்னத்தை ஒன்றும் செய்யவில்லை; அது தானாகவே மின்னிக்கொண்டிருந்தது.

யங்னான் கொஞ்ச நேரம் தட்டையே பார்த்தாள். பிறகு அதை மெல்ல நகர்த்திச் சாசூன் முன்னால் வைத்தாள். பையைத் திறந்து, கருவாட்டுக் கடைச் சீட்டு ஒன்றை எடுத்துப் பின்பக்கம் திருப்பி, பேனாவோடு நீட்டினாள்.

"அந்தத் தூள் பேரை எழுதுங்கக்கா," என்றாள் குரலைத் தாழ்த்தி. "கொட்டை எழுத்துல."