மூன்றாவது சான்று

மார்ச் 11, திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, அகராதி அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், ‘சிறுத்தை’ என்ற சொல்லுக்கான பெட்டியில் நாற்பத்தொரு அட்டைகள் இருந்தன. வெள்ளிக்கிழமை மாலை பெட்டியைப் பூட்டியபோது நாற்பது இருந்தன.

எண்ணியவள் துணைப் பதிப்பாசிரியை. வருகிற சொற்பொருள்களில் பாதியை வெட்டி எறிபவள் என்பதால் அலுவலகத்தில் அவளுக்குக் ‘கத்தரி’ என்று பெயர். இன்னொரு முறை எண்ணினாள். நாற்பத்தொன்றுதான்.

ஒவ்வொரு அட்டையிலும் ஒரு வாக்கியம், அது அச்சில் வந்த இடம், தேதி, பக்க எண். ஒரு பொருளை அகராதியில் சேர்க்க, மூன்று வெவ்வேறு வெளியீடுகளிலிருந்து மூன்று வாக்கியங்கள் வேண்டும். இரண்டுதான் இருந்தால் அந்தப் பொருள் வாசலிலேயே நிற்கும். சிறுத்தைக்கு நான்கு பொருள் தேறியிருந்தன: புள்ளி வளையங்கள் கொண்ட விலங்கு, பேச்சில் அதோடு குழப்பிக்கொள்ளப்படும் சிவிங்கிப்புலி, பாய்ந்து வேலையை முடிக்கும் ஆளுக்கான பாராட்டு, அந்தத் தோல் போலப் புள்ளி போட்ட துணி. ஐந்தாவது, அச்சகத்து வழக்கு: மை சீராகப் பிடிக்காமல் திட்டுத் திட்டாக வந்த தாள். வெள்ளிக்கிழமை வரை இதற்கு இரண்டே அட்டைகள்.

புதிய அட்டை ஐந்தாம் பொருளுக்கானது. கையெழுத்து அவளுடைய கொழுந்தனுடையது.

பதினெட்டு வருஷம் அச்சு எந்திரத்தோடு மாரடித்தவன். அச்சகம் மூடியதும் வீட்டோடு முடங்கிக் கிடந்தவனை அட்டை எழுதும் வேலைக்குச் சிபாரிசு செய்தவள் அவள்தான். தகுதிகாண் காலம் முடிய இன்னும் மூன்று வாரம் இருந்தது. போன வருஷம், இல்லாத பக்கத்தைக் குறித்து அட்டை எழுதிய ஒருவரைத் தலைமைப் பதிப்பாசிரியர் அன்று மதியமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். ‘சி’ வரிசையோ புதன்கிழமை அச்சுக்குப் போகிறது.

“தம்பி, கொஞ்சம் மாடிப்படி பக்கம் வா.”

“என்ன அண்ணி, காலையிலேயே கத்தரியத் தீட்டிட்டீங்க?”

“இந்த அட்டை எப்ப வந்துச்சு?”

அவன் முகம் மலர்ந்தது. “சனிக்கிழமை அரை நாள் வந்தேன்ல, அப்ப வெச்சேன். மூணாவது கெடச்சிடுச்சு அண்ணி! எங்க சிறுத்தை உள்ள வந்துடும்.”

“பெட்டி பூட்டியிருந்துச்சே?”

“சாவி ஆணியிலதானே தொங்குது. ஊருக்கே தெரியும்.”

“பூட்டுன பெட்டியில அட்டை வெச்சா என் கையெழுத்து வேணும். தெரியுமா, தெரியாதா?”

“தெரியும். சந்தோஷத்துல மறந்துட்டேன்.”

மறந்தவன் முகம் இப்படித்தான் இருக்கும். மறைப்பவன் முகமும் இப்படி இருக்கலாம். அவள் கீழ்த்தள நூலகத்துக்கு இறங்கினாள்.

அச்சுத் தொழிலாளர்களுக்கான மாத இதழ், பிப்ரவரி, பக்கம் 31. அந்தப் பக்கமே இருக்காது என்று நினைத்துத்தான் புரட்டினாள். பக்கம் இருந்தது. வாக்கியமும் எழுத்துப் பிசகாமல் இருந்தது. ஆனாலும் அவளுக்குச் சந்தேகம் தீரவில்லை. அது வாசகர் கடிதம்; கீழே ‘ஒரு பழைய அச்சுக்காரன்’ என்று மட்டும். “சிறுத்தையை, அதாவது மை சீராகப் பிடிக்காமல் திட்டுத் திட்டாக வந்த தாளை, இன்று யாரும் ஒதுக்கி வைப்பதில்லை.” அச்சுக்காரன் அச்சுக்காரர்களுக்கு எழுதும்போது இந்த விளக்கம் எதற்கு? அதைவிட, அந்த விளக்கம் அவளுடையது. டிசம்பரில் அவள் எழுதி, வீட்டு மேசையில் வைத்திருந்த வரைவு. இன்னும் எங்கும் அச்சேறாதது.

பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: ‘கடிதம் வெளியாகும் வாசகருக்கு இதழ் ஒன்று இலவசமாக அனுப்பப்படும்.’

மேலே வந்தாள்.

“இந்த இதழ் உனக்கு எங்க கெடச்சுது?”

“வீட்லதான். ஃபிரிட்ஜ் மேல கெடந்துச்சு.”

“நம்ம வீட்ல யாரு இதுக்குச் சந்தா கட்டுறது?”

“நீங்க ஆபீஸ்லேர்ந்து எடுத்துட்டு வந்ததுன்னு நெனச்சேன்.”

“என் காதுல பூ சுத்தாத.”

“ஐயோ, சத்தியமா அண்ணி! பாத்தேன், படிச்சேன், அட்டை எழுதுனேன். நான் எழுதுனா தப்பில்லாம ஒரு வரி வருமா? நீங்களே தெனமும் திட்டுறீங்க!”

அது உண்மை. அவனுடைய அட்டை ஒவ்வொன்றிலும் இரண்டு இடமாவது அவள் திருத்தியாக வேண்டும். அந்தக் கடிதத்தில் ஒரு புள்ளி பிசகில்லை. வீட்டில் பிசகில்லாமல் எழுதுகிற ஆள், அவளைத் தவிர, இன்னும் ஒருவர்தான்.

மதிய இடைவேளையில் கணவரின் மருந்துக்கடைக்குப் போனாள். அவர் மாத்திரை அட்டைகளை இழுப்பறையில் அடுக்கிக்கொண்டிருந்தார். பக்கம் 31-இன் நகலைக் கல்லாவின் மேல் வைத்தாள்.

“என்ன, தலைவலிக்கா?”

“ஒரு பழைய அச்சுக்காரன் யாருங்க?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குக் கல்லுளிமங்கன் வேஷம் அதிக நேரம் தாங்காது.

“சாப்பிட உக்காந்தா இதே பொலம்பல். ‘அண்ணா, எங்க வார்த்தைக்கு ஒண்ணு கொறையுது, ஒண்ணே ஒண்ணு’ன்னு. சரி, கழுதை, ஒரு கடுதாசிதானேன்னு எழுதிப் போட்டேன்.”

“என் மேசையப் பாத்துக் காப்பி அடிச்சு.”

“நீ அழகா எழுதியிருந்த.”

“சாட்சிய நீங்களே தயார் பண்ணியிருக்கீங்க.”

“வார்த்தை பொய்யா? அவனோட வேலை பாத்த அத்தனை பேரும் பேசுன வார்த்தை. இல்லாத மருந்தையா நான் வித்தேன்?”

“மருந்து நெசந்தாங்க. டாக்டர் சீட்ட நீங்களே எழுதிக்கிட்டு மருந்து குடுப்பீங்களா?”

அவர் இன்னொரு மாத்திரை அட்டையை எடுத்து இழுப்பறையில் வைத்தார்.

“ஃபிரிட்ஜ் மேல யாரு வெச்சது?”

“நான்தான். அவன் கண்ணுல படட்டும்னு.”

“உங்க தம்பிக்கு இது தெரியுமா?”

“தெரியாது.”

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. அதைச் சொல்லும்போது அவர் அவளைப் பார்க்கவில்லை, இழுப்பறையைப் பார்த்தார்.

அலுவலகத்துக்குத் திரும்பும் வழி முழுக்க அது அவளைக் குடைந்தது. அட்டையைக் கிழித்துப் போட்டால் நாற்பது ஆகிவிடும், யாருக்கும் தெரியாது. ஆனால் மூன்றாவது கிடைத்துவிட்டது என்று கொழுந்தன் சனிக்கிழமையே பியூன் வரைக்கும் சொல்லியிருப்பான். அதோடு, அவளே கிழித்தால், போன வருஷம் வீட்டுக்குப் போன மனிதருக்கும் அவளுக்கும் என்ன வித்தியாசம்?

அட்டையின் பின்புறம் சிவப்பு மையில் எழுதினாள்: ‘விலக்குக. மூலக் கடிதத்தை எழுதியவர் என் கணவர்.’ கீழே கையெழுத்திட்டாள்.

தலைமைப் பதிப்பாசிரியர் அதை இரண்டு முறை படித்தார்.

“உங்க கொழுந்தனுக்குத் தெரியுமாம்மா?”

“தெரியாதுன்னு என் வீட்டுக்காரர் சொல்றார் சார்.”

“நீங்க நம்புறீங்களா?”

கீழே தெருவில் ஒரு லாரி பின்னால் வந்து, நின்று, மறுபடி பின்னால் வந்தது.

“அவன் எழுதல. அது மட்டும் நிச்சயம். மத்தது எனக்குத் தெரியல சார்.”

“வீட்டாளுக்காகக்கூட ஒரு பொய் சொல்ல மாட்டேங்கிறீங்களே,” என்றார். அது பாராட்டா குத்தலா என்பது அவர் குரலிலிருந்து விளங்கவில்லை.

‘சி’ வரிசை புதன்கிழமை அச்சுக்குப் போனது. கொழுந்தனின் தகுதிகாண் காலம் மூன்று மாதம் நீட்டிக்கப்பட்டது. மே மாதம் அவன் ஓர் அட்டைப்பெட்டி அச்சகத்தில் எந்திரம் ஓட்டும் வேலையில் சேர்ந்து, அதன் அருகிலேயே அறை எடுத்துக்கொண்டான். அகராதியின் அந்தத் தொகுதி ஆகஸ்டில் வெளிவந்தது. சிறுத்தைக்கு அதில் நான்கு பொருள்.