கடைசிப் பெயர்க் கட்டம்

எங்கள் முதலாளி அப்துல் கய்யூம் பாய்க்குத் தி. நகரில் பைக்கடை, ஈக்காட்டுத்தாங்கலில் அந்தப் பைகளைத் தைக்கிற பட்டறை. இரண்டும் அவர் பேரிலேயே இருந்ததால் வரி எண்ணும் ஒன்றுதான். இரண்டு இடத்துக்கும் சேர்த்து இருபத்தாறு பேர். அவர்கள் சம்பளத்தில் தொழில்வரி பிடித்து, ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒரே பட்டியலாகக் கொடுப்பது என் வேலை. பத்து வருஷமாக நான் ஒருத்திதான் செய்கிறேன். அதில் யாராவது மூக்கை நுழைத்தால் எனக்கு ஆகாது.

மூக்கை நுழைத்த ஒரே ஆள் பட்டறை சூப்பர்வைசர் ஸ்ரீரங்கன். பட்டியலைப் பார்த்துக் கையெழுத்துப் போட அனுப்பினால் எழுத்து எழுத்தாகப் படிப்பார். மேகலா என்ற பெண்ணின் ஆங்கிலப் பெயரில் ஒரு ‘எச்’ கூடிவிட்டதென்று சிவப்புப் பேனாவில் வட்டம் போட்டு முழுப் பட்டியலையும் திருப்பி அனுப்பியவர்.

“பேரு தப்பா கீது மேடம். நாளைக்கு அந்தப் பொண்ணு இது என் பேரே இல்லன்னு சொல்லிட்டா இன்னா பண்றது?” என்று போனில் கேட்டார். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. அன்று சாயங்காலம் மாம்பலம் ஸ்டேஷன் படியேறும்போது அந்தக் குரலை நினைத்துத் தனியாகச் சிரித்தேன். அங்கே பிடித்தது சனியன்.

மாதாமாதம் இரண்டாம் தேதி, காலை பதினொரு மணிக்கு, வருகைக் கணக்கு சொல்ல அவர் கூப்பிடுவார். யார் யார் லீவு என்பது ஐந்து நிமிஷம். மீதி இருபது நிமிஷம் அவர் தெருவுக்கு வராத தண்ணி லாரி, என் முட்டி வலி, அன்று யார் வீட்டில் என்ன குழம்பு. அவர் மனைவி இறந்து எட்டு வருஷம். எனக்கு நாற்பத்துமூன்று வயது, கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். நாங்கள் நேரில் பார்த்துக்கொள்வது ரம்ஜானுக்குப் பாய் போடும் பிரியாணிப் பந்தியில் மட்டும். அவர் பட்டறை ஆட்களோடு, நான் கடைப் பெண்களோடு. அவரை எனக்குப் பிடித்திருந்தது. மூன்றாம் தேதி காலையிலிருந்தே அடுத்த இரண்டாம் தேதிக்கு ஏங்க ஆரம்பித்துவிடுவேன். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது.

தப்பு நடந்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால். ஆடிட்டர் ஆபீஸிலிருந்து புதிதாக ஒரு எக்செல் ஃபாரம் வந்தது. முதல் பெயருக்கு ஒரு கட்டம், கடைசிப் பெயருக்கு ஒரு கட்டம். நம் ஆட்களில் யாருக்கு ஐயா இருக்கிறது கடைசிப் பெயர்? ஒரு இனிஷியலோடு நம் கதை முடிந்தது. காலியாக விட்டால் ஃபாரம் வாங்காது. கல்யாணமான பெண்களுக்குப் புருஷன் பெயர், மற்றவர்களுக்கு அப்பா பெயர் என்று நிரப்பிக்கொண்டே வந்தேன். ஆங்கில அகரவரிசையில் என் பெயருக்கு அடுத்த வரி அவருடையது. அவர் பெயரைக் காப்பி செய்து ஒட்டும்போது, ஒரு வரி மேலே, என் கடைசிப் பெயர்க் கட்டத்தில் போய் விழுந்துவிட்டது.

ஷண்முகப்ரியா ஸ்ரீரங்கன் என்று இருந்தது.

என் அப்பா பெயர் கோதண்டம். அழித்துவிட்டு அதைப் போட அரை நிமிஷம் ஆகாது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு முறை படித்தேன். படிக்க நன்றாக இருந்தது. அப்படியே அனுப்பிவிட்டேன்.

அனுப்பிய பிறகுதான் உறைத்தது. அந்த மனுஷன் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருப்பாரே. மறுநாள் பட்டியல் திரும்பி வந்தது. ஆரோக்கியராஜ் பெயரில் ஒரு வட்டம், கீழே கையெழுத்து. என் வரியில் ஒன்றும் இல்லை. மேலே நாலு பெயரைப் பார்த்துவிட்டு, அடி வரைக்கும் படிக்கப் பொறுமை இல்லாமல் விட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். அழுகைதான் வந்தது. அதற்குப் பிறகு மூன்று பட்டியல் போயிற்று, மூன்றும் கையெழுத்தோடு வந்தது. நானும் திருத்தவில்லை.

இந்த மார்ச்சில் பாய் பட்டறையை மகன் ஹம்மாத்துக்குத் தனிக் கம்பெனியாக எழுதிக் கொடுத்தார். இருபத்து நான்காம் தேதி ஆடிட்டர் ஆபீஸிலிருந்து டயானா லேப்டாப்போடு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

“இனிமே ஒரே நம்பர்ல ரெண்டு கம்பெனி ஓட்ட முடியாதுக்கா. ஏப்ரல்லேர்ந்து பட்டறைக்குத் தனி நம்பர், தனி லிஸ்ட். அட்டென்டன்ஸ்கூட அவங்களே நேரா எங்களுக்கு அனுப்பிடுவாங்க. உங்களுக்கு அந்த வேலை மிச்சம்” என்றாள்.

மிச்சமாம். இனி இரண்டாம் தேதி பதினொரு மணிக்கு என் போன் சும்மா கிடக்கும்.

அவள் பட்டியலில் கீழே இறங்கிக்கொண்டே வந்து நின்றாள். “உங்க வீட்டுக்காரர் பட்டறையிலயாக்கா இருக்காரு? சொல்லவே இல்லையே.”

“அது தப்பும்மா. கை தவறிப் போச்சு.”

“அப்போ திருத்திடவா? எல்லாரும் பேரைச் சரிபார்க்கணும்னு இந்த லிஸ்டத்தான் காலையில பட்டறைக்கும் அனுப்பியிருக்கேன்.”

“கொஞ்சம் இரு” என்று சொல்லிவிட்டுப் பின்னால் இருந்த குடோனுக்குள் போனேன். டிராலி பைகளுக்கு நடுவில் நின்று, பத்து வருஷத்தில் முதல் தடவையாக நானே அவரைக் கூப்பிட்டேன்.

“இன்னா மேடம், இன்னிக்கு இருபத்தி நாலுதானே?”

“லிஸ்ட்ல ஒரு தப்பு இருக்கு. என் வரியில. நீங்க பார்க்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடலாம்னுதான்.”

அந்தப் பக்கம் தையல் மெஷின்களின் சத்தம் குறைந்தது. எழுந்து வெளியே வந்திருப்பார்.

“கடைசிப் பேரா?” என்றார்.

“பார்த்துட்டீங்களா?”

“மொத தபா அனுப்பனீங்களே, அப்பவே பாத்தேன்.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “பார்த்துட்டு ஏன் வட்டம் போடல? மேகலாவுக்கு ஒரு எழுத்துக்குத் திருப்பி அனுப்பினீங்க. ஆரோக்கியராஜுக்குப் போட்டீங்க. எனக்கு மட்டும் என்னவாம்?” என்று கத்திவிட்டேன்.

“தப்பா கீற பேருக்குத்தான் மேடம் வட்டம் போடுவேன்.”

ஒரு பையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு வருஷம். நாலு கையெழுத்து. நான் எழுதியதை அந்த மனுஷன் படித்து, சரி என்று நாலு தடவை கையெழுத்துப் போட்டிருக்கிறார். நான் பேனா மை சிவப்பா நீலமா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

“இனிமே தனி நம்பராமே. ஆடிட்டர் ஆபீஸ் பொண்ணு சொல்லிச்சு. மனசே சரியில்ல, காலையிலேர்ந்து ஒரு டீகூட எறங்கல” என்றார். பிறகு, “ரெண்டாந் தேதி பதினோரு மணிக்கு நேர்லயே கடைக்கு வரட்டா?” என்று கேட்டார்.

குடோன் வாசலில் டயானா எட்டிப் பார்த்தாள். “அக்கா, பேரை என்னன்னு மாத்தணும்?”

போனைக் கையால் பொத்திக்கொண்டு, “மாத்தாத, சரியாத்தான் இருக்கு” என்றேன்.

பிறகு போனில் சொன்னேன். “ரெண்டாந் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கு. என்னால ஆகாது. இன்னைக்கே வாங்க.”