ரெண்டு மாறி

ஏழாயிரத்து நானூற்று அறுபது ரூபாய். மலையாளி அனீஷின் சாயாக்கடைக்கு இசக்கிமுத்து தரவேண்டிய பாக்கி அது. மட்டாஞ்சேரியில் மிளகு மூட்டை சுமந்த காலத்தில் வாரம் தவறாமல் தீர்த்துவிடுவார். புற்று வந்து கிட்னி ஒன்றை எடுத்தபிறகு முதுகு மூட்டைக்கு இணங்கவில்லை. பாக்கி மட்டும் வளர்ந்தது.

இப்போது ஸ்கேன் பார்த்த டாக்டர், அந்தக் கிட்னிப் புற்றுதான் பித்தப்பையில் போய் முளைத்திருக்கிறது என்றார். அபூர்வமாம். வேறெங்கும் காணோம், பையோடு எடுத்துவிடலாமாம்.

"கடனோட கத்திக்குக் கீழ படுக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தார் இசக்கிமுத்து. மனைவி விசாலாக்ஷி தலையில் அடித்துக்கொண்டாள்.

மத்தியானம் அனீஷின் கடை பெஞ்சில் சாய்ந்தார். எதிரே சுக்குக் கிடங்கின் தூசி வெயிலில் பொன்னாக மிதந்தது. கண் சொருகியது. கனவில், உடம்புக்குள்ளேயே ஒரு கிடங்கு. மூட்டை தூக்கிய ஆள் ஒருவன், காலியான அறையைத் தாண்டி, பச்சை விளக்கெரியும் சின்ன அறைக்குள் நுழைகிறான். நடை அவர் நடை மாதிரியே இருந்தது. கூப்பிட்டால் திரும்பிவிடுவான் போல.

"அண்ணாச்சி, டாக்டர் எந்து பறஞ்ஞு?" அனீஷின் குரல் காயலுக்கு அப்பாலிருந்து வருவதுபோல் கேட்டது.

"கிட்னிச் சீக்கு மாறிப்போச்சு" என்றார், கண் திறக்காமல்.

சாயா ஆற்றும் சத்தம் நின்றது. "மாறியோ? அண்ணாச்சியோட அசுகம் மாறினா பாக்கியை விட்டுடறேன்னு பகவதிக்கு நேர்ந்திருந்தேன். இனி ஒரு ரூபாயும் தரவேண்டா."

இசக்கிமுத்துவுக்குத் தூக்கம் கலைந்தது. மலையாளத்தில் சீக்கு மாறினால் குணமாச்சு என்று அர்த்தம். அனீஷின் முகம் பூத்துக் கிடந்தது. வாயை மூடிக்கொண்டால் போதும், கடன் போய்விடும், ஆஸ்பத்திரிக்கும் போய்விடலாம். சாமி பேரில் வந்த காசு என்பதுதான் உறுத்தியது.

"அது உன் மாறி இல்லப்பா, எங்க மாறி. சீக்கு பித்தப்பைக்கு வீடு மாறிப்போச்சு."

அனீஷ் சாயாவை அவர் கையில் கொடுத்தான்.

"அவிடெருந்து எடுக்கலாமோ?"

"எடுக்கலாமாம்."

"அப்போ உங்க மாறி என்டெ மாறி ஆகட்டும். பாக்கி தள்ளினது தள்ளினதுதான். நேர்ச்சையை முன்கூட்டிக் கொடுத்தா பகவதி வேண்டாம்னா சொல்லப்போறா?"

"குணமாகலேன்னா?"

"அது எனக்கும் பகவதிக்கும் உள்ள ஏற்பாடு. இதுல நீங்க ஆரு?"

இசக்கிமுத்து சாயாவைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். "இதுக்கு?"

"இதுக்குக் காசு உண்டு."

பத்து ரூபாயைப் பெஞ்சில் வைத்தார். இனிக் கத்திக்குக் கீழே படுக்கலாம் என்று விசாலாக்ஷியிடம் சொல்ல எழுந்தார்.