பஸூனுக்கு வாய்த்த மூஸ்

என் மனைவி ரொவீனா ஊதுவது பஸூன். மாடிப்படியின் கைப்பிடியைக் கழற்றி எடுத்து வந்துவிட்டாளோ என்று சந்தேகப்படும் அளவுக்கு நீளமான மரக்குழல். அதன் வாயில் செருகும் நாணல் சீவலை முதலில் ஒரு கோப்பைத் தண்ணீரில் ஊறப்போடுவாள். அந்தத் தண்ணீரை நான் ஒருமுறை தெரியாமல் குடித்துத் தொலைத்தேன். அதிலிருந்து எனக்கும் அந்த வாத்தியத்துக்கும் அவ்வளவாக ஆகாது. ஆனால் எங்கள் மகள் ஐவிக்காவது அது பிடித்துவிட வேண்டும் என்று ரொவீனா குறியாக இருந்தாள். ஐவிக்கு மூன்றரை வயது.

நியூஃபவுண்ட்லாந்தின் பனிக்காலத்தில் ஒரு குழந்தையை வீட்டுக்குள்ளேயே வைத்து மேய்ப்பது லேசுப்பட்ட காரியமா? ரொவீனா ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தாள். கூடத்தில் பாட்டு போடுவாள். புல்லாங்குழல் கேட்டால் குருவி. கையை அடித்துக்கொண்டு ஓட வேண்டும். கிளாரினெட் என்றால் அணில். சோபாமேல் ஏற வேண்டும். ஓபோ என்றால் வாத்து. சாப்பாட்டு மேசைக்கு அடியில் நீந்த வேண்டும். பஸூனை மட்டும் அவளே ஊதுவாள். அதற்கு மூஸ். முந்தின வாரம்தான் கேண்டர் போகும் சாலையில் ஒன்றைப் பார்த்திருந்தோம். குதிரையைவிட உயரமான அந்த மானைப் பற்றி ஐவி தூங்கும்வரை ஓயாமல் பேசினாள்.

குருவி, அணில், வாத்து எல்லாம் அமர்க்களம். வாத்து வந்தால் சாப்பாட்டு மேசைக்கு அடியிலிருந்து அவளை வெளியே இழுக்கவே முடியாது. பஸூன் சத்தம் கேட்டால் மட்டும் சமையலறை வாசலுக்குப் போய், அடித்துவைத்த ஆணி மாதிரி நின்றுவிடுவாள். ரொவீனா மெதுவாக ஊதினாள், வேகமாக ஊதினாள், குட்டிக்கரணம் போடாத குறைதான். ஐவி அசையவில்லை.

கடைசியில் பழி என் தலையில் விழுந்தது. மூஸ் எப்படிப் போகும் என்று நான் செய்து காட்ட வேண்டுமாம். தலையில் இரண்டு ஹேங்கர்களைக் கட்டிக்கொண்டு, நாலு காலில் கூடத்தை உழுது, விளக்கை முட்டித் தள்ளினேன். பக்கத்து வீட்டு கார்லண்ட் ஜன்னல் வழியே பார்த்துக் கையசைத்தான். கொம்பை ஆட்டிப் பதில் சொன்னேன். வேறென்ன செய்ய? ஐவியோ என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

சனிக்கிழமை காலை ரொவீனா காபிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "என் வாத்தியத்தைக் கேட்டா அவ பயப்படுறான்னு நினைக்கிறேன். வாக்குவம் கிளீனருக்குக்கூட ஆடுறா. இன்னிக்கு ஒருதடவை பாப்பேன். இல்லன்னா இனிமே வீட்ல ஊத மாட்டேன்."

பஸூன் எனக்கு ஆகாதுதான். ஆனால் அதை ஊதாத ரொவீனாவோடு குடித்தனம் நடத்தி எனக்குப் பழக்கமில்லை.

அவள் ஊத ஆரம்பித்தபோது நான் சமையலறையில் ரொட்டி மாவைக் கொழுப்பில் பொரித்துக்கொண்டிருந்தேன். முதல் ஈடு வெந்ததும் தட்டோடு திரும்பினால், வாசலை அடைத்துக்கொண்டு ஐவி. நகரச் சொன்னேன். தட்டு கையைச் சுட்டது, கத்தியும் சொன்னேன். மெல்லத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். வெறும் வாயை அசைபோட்டாள்.

என் கத்தலைக் கேட்டு ரொவீனா ஊதுவதை நிறுத்திவிட்டாள். பஸூனை மடியில் சாய்த்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. சத்தம் நின்றதும் ஐவி முழங்காலை உயரத் தூக்கித் தூக்கி வைத்து, சாவகாசமாக சோபாவின் பின்னால் போய் மறைந்தாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன்டி மரம் மாதிரி நிக்கிற?"

"மரம் இல்ல. மூஸ்."

"மூஸ் எப்படின்னு நான்தான் காட்டினேனே?"

"அது மூஸ் இல்ல," என்றது சோபாவின் பின்னாலிருந்து குரல். "அது கொம்பு வச்ச அப்பா."

பிறகு நிதானமாக எங்களுக்குப் பாடம் எடுத்தாள். நிஜ மூஸ் நடுரோட்டில் நின்றதாம். அப்பா ஹாரன் அடித்தாராம், திட்டினாராம். என்ன திட்டினேன் என்பதையும் ஒரு எழுத்து பிசகாமல் சொன்னாள். இஞ்சினை நிறுத்திவிட்டுச் சும்மா இரு, அதற்குத் தோன்றும்போது போகும் என்று அம்மாதான் சொன்னாளாம். அவள் சொன்ன அத்தனையும் நடந்ததுதான்.

"நான் எவ்ளோ நல்லா நின்னேன்," என்றாள் ஐவி வருத்தத்தோடு. "அம்மாதான் எப்பவும் பாதியிலயே நிறுத்திடுறா."

ரொவீனா ஸ்வெட்டர் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குப் பிடிபடவில்லை. சீவலை மறுபடி வாயில் வைத்தாள்.

அடிவயிற்றிலிருந்து கிளம்பியது பஸூன். மூஸ் வந்து வாசலில் நின்றது. நான் இன்னும் சமையலறைக்குள்ளேயே இருந்தேன். வாயைத் திறக்கப் போனேன். குழலுக்கு மேலாக ரொவீனாவின் புருவம் உயர்ந்தது. அடுப்பை அணைத்தேன். பொரித்த ரொட்டி ஆறிப்போனது. எனக்கு மூத்திரம் முட்டிக்கொண்டு வந்தது. கழிப்பறையோ கூடத்தைத் தாண்டி இருக்கிறது.

இந்தமுறை ரொவீனா நிறுத்தவில்லை. நானும் ஹாரன் அடிக்கவில்லை.