சிக்னலை ஒட்டிய ஜன்னல்

அந்தப் பேருந்து ஓட்டுநருக்குப் பிடித்த சிக்னல் ஒன்று இருந்தது. சொன்னால் சிரிப்பீர்கள். மற்ற ஓட்டுநர்கள் சிவப்பு விளக்கைக் கண்டாலே வாயில் வந்தபடி திட்டுவார்கள். இவரோ, விளக்கு சிவக்க வேண்டுமே என்று வேண்டிக்கொள்வார். அவருடைய முதல் மாடி வீடு அந்தச் சிக்னலை ஒட்டி இருந்தது. வண்டி நின்றதும் இரண்டு முறை ஹாரன் அடிப்பார். ஜன்னல் படாரென்று திறக்கும். ஆறு வயது மகள் கம்பிக்கு வெளியே கையை நீட்டி ஆட்டுவாள். சாயங்காலம் முழுக்க, போகும்போதும் வரும்போதும் இதே கூத்துதான்.

இருட்டினால் அவளுக்கு இளைப்பு வந்துவிடும். நெஞ்சுக்குள் விசில் கேட்கும். பழியை ஐஸ்கிரீம் மேல் போட்டார்கள், தலையணைப் பஞ்சின் மேல் போட்டார்கள், கடைசியில் பக்கத்து வீட்டுப் பூனை மேலும் போட்டார்கள். பாவம், அது இந்தப் பக்கமே வருவதில்லை.

"வீடு ரோட்டு மேலயா?" என்று கேட்டார் டாக்டர்.

"ஆமா டாக்டர். ஜன்னல சாத்தியேதான் வச்சிருக்கேன்," என்றாள் அம்மா.

"அப்பா பஸ்சு வர்றப்ப மட்டும் தெறப்பேன்," என்றாள் மகள் பெருமையாக.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "சிக்னல்ல வண்டிங்க நின்னு உறுமுறப்பதான் புகை அதிகம். அந்த நேரத்துல தெறக்கவே கூடாது. பின்பக்க ரூம்ல படுக்க வைங்க."

வேலியே பயிரை மேய்ந்த கதைதான். கூட வந்திருந்த ஓட்டுநர் மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் அவர் ஹாரனைத் தொடவில்லை. ஜன்னல் சாத்தியிருந்தது. கண்ணாடியில் அப்பியிருந்த கரியில் உள்ளே ஆள் இருப்பதே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நான் கையாட்டிக்கிட்டே இருந்தேன். நீ பாக்கவே இல்ல."

"தெரியலடா தங்கம்."

"பொய்."

விடுமுறையன்று ஏணி போட்டுக் கண்ணாடியை வெளியிலிருந்து துடைக்க ஏறினார். "அவ்ளோ பெரிய பஸ்ச ஓட்டுறீங்க, இந்த ஏணிக்குப் போய் கால் நடுங்குதே," என்று கீழே பிடித்திருந்த மனைவி சீண்டினாள். ஒரே இழுப்பில் வெள்ளைத் துணி, கரிச்சட்டியைத் துடைத்ததுபோல் கறுத்துப்போனது. திருப்பித் துடைத்தார், அந்தப் பக்கமும் கறுத்தது. ஐயோ, இதைத்தானே பிள்ளை நெஞ்சுக்குள் இழுத்திருக்கிறாள், அதுவும் நான் கூப்பிட்டுக் கூப்பிட்டு! ஏணியில் நின்றபடியே அழுதுவிட்டார். மனைவி ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மருந்தும் பின்பக்க அறையும் கைகொடுத்தன. இளைப்பு மெல்ல மெல்லத் தணிந்தது. குளிரான ஒரு சாயங்காலம் சிக்னலில் வண்டி நின்றது. சாத்திய ஜன்னலுக்குப் பின்னால் மகளின் முகம் பளிச்சென்று தெரிந்தது. அவள் கண்ணாடியில் வாயை வைத்து ஊதினாள். வட்டமாக ஆவி படிந்தது. அது மறைவதற்குள் இன்னொரு வட்டம், திணறாமல் விட்ட மூச்சு.

"பச்சை விழுந்துடுச்சே, தூங்கிட்டீங்களா?" என்று பின்னாலிருந்து ஒரு அம்மாள் அதட்டினாள்.

"இதோ எடுக்கிறேம்மா," என்றார் ஓட்டுநர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எம் பொண்ணு மூச்சு விடுறா, பாத்துக்கிட்டு இருந்தேன்."