மிரேலா கேட்ட வீடு

பெர்மாஸ் ஜெயாவின் தேவாலய மண்டபமொன்றில் ஓடிக்கொண்டிருந்த ஆவணப்படத்திலிருந்து மிரேலா என்ற ரோமாப் பெண் கைக்குழந்தையோடு இறங்கி வந்து, இரண்டாம் வரிசையில் காலியாகக் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். வெளியே நல்ல மழை. அதனால் யாரும் எழுந்து போகவில்லை. ஐரோப்பாவில் பனி மூடிய ஏதோ ஒரு மலையடியில், எப்போதோ இந்தியாவிலிருந்து போன ரோமா இனத்தவரின் வீடுகளை இடித்துத் தள்ளுவதையும், ஊர்க்காரர்கள் வேலியோரம் நின்று வேடிக்கை பார்ப்பதையும் காட்டிய படம் அது. அதைப் பார்த்து அதிகம் அழுதவள் ஓய்வுபெற்ற மருத்துவமனைத் தாதி கெர்ட்ரூட். குழந்தையின் தலையிலிருந்த பனியைத் துடைத்துவிட்டு, மிரேலாவுக்குத் தேநீரும் கறிபாப் பலகாரமும் கொடுத்தாள். மிரேலா "பானி" என்று தண்ணீர் கேட்டதும், "அட, இந்திப் படத்துல வர்ற மாதிரியே பேசுறாங்க லா" என்று மண்டபமே நெகிழ்ந்துபோனது.

பிறகு மிரேலா இரண்டு கைகளையும் கூரைபோல் குவித்துக் காட்டினாள். நெகிழ்ந்தவர்கள் கார்ச் சாவியைத் தேடத் தொடங்கினார்கள். ஸ்கூடாயில் மாணவர்கள் காலிசெய்த வீடு ஒன்று கெர்ட்ரூடுக்கு இருந்தது. பயிற்சித் தாதியாக வாடகை வீடு தேடிய காலத்தில், தொலைபேசியில் அவள் பெயரைக் கேட்டு வெள்ளைக்காரி என்று நினைத்து வரச்சொன்ன வீட்டுக்காரர்கள், வாசலில் அவள் நிறத்தைப் பார்த்ததும் வீடு போய்விட்டதாகச் சொன்னதை அவள் மறக்கவில்லை. மறுநாளே மிரேலாவை அங்கே அழைத்துப் போனாள்.

கேட்டருகே கணவன் லெஸ்லி அவளைத் தனியே இழுத்தான். "பாவம்தான், நான் இல்லேன்னு சொல்லல. ஆனா இவங்க ஆளுங்க எல்லாம் வந்து சேர்ந்துட்டா என்ன செய்வ? பக்கத்து வீட்டுல இப்பவே எட்டிப் பாக்கிறாங்க."

எதிர்வீட்டுத் திரைச்சீலை அசைந்தது. கெர்ட்ரூட் சாவியைப் பைக்குள் போட்டாள்.

"வீடு நேத்தே வேற ஆளுக்குப் போயிருச்சும்மா."

மிரேலாவுக்குத் தமிழ் தெரியாது. அந்த வாக்கியம் மட்டும் தெரிந்திருந்தது. குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். மற்ற வீடுகளிலும் அதையே சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் அவள் படத்துக்குள் திரும்பிவிட்டாள்.

அன்று படத்தை மறுபடி போட்டபோது, வேலியோரக் கூட்டத்தில் கெர்ட்ரூட் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். மண்டபத்தில் அவள் நாற்காலி காலியாக இருந்தது. கால்விரல்கள் விறைக்க, "மிரேலா, வீடு இருக்கு, வாங்க!" என்று அவள் கத்தினாள். இடிக்கும் இயந்திரத்தின் சத்தம் அதை விழுங்கியது. மிரேலா ஒருமுறை திரும்பி, வேலியோரம் நின்ற எல்லோரையும் பார்ப்பதுபோல் அவளையும் பார்த்தாள். விளக்கு எரிந்ததும் கெர்ட்ரூட் நாற்காலியில் இருந்தாள், செருப்பெல்லாம் சேறு.

அடுத்த வாரம் லெஸ்லியும் அந்த வேலியோரம் நின்றான். அதற்கடுத்து எதிர்வீட்டுக்காரர்கள், பிறகு தெருத்தெருவாக. ஸ்கூடாய் வீட்டைக் கெர்ட்ரூட் பூட்டாமலே வைத்திருந்தாள். காய்ந்த இலைகள்தான் உள்ளே வந்தன. வருடம் திரும்புவதற்குள் ஆண்டு முழுக்க வெயிலடிக்கும் பெர்மாஸ் ஜெயாவில் கம்பளிக் கோட்டு விற்கும் கடைகள் திறந்துவிட்டன, வியாபாரமும் நன்றாகவே நடக்கிறது. படம் போடும் நாட்களில் கெர்ட்ரூட் மாலையிலேயே கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். தாமதமானால் வேலியோரக் கூட்டத்தின் முன்வரிசையில்தான் இடம் கிடைக்கும், அங்கே காற்று அதிகம்.