நாலாயிரம் அடித் தண்ணீர்

"மேல் தட்டுல பாருங்க சித்தப்பா. கம்பளிச் சட்டைக்குப் பின்னால இருக்கும்."

பொன்னன் ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அண்ணனின் பீரோவைத் துழாவிக்கொண்டிருந்தார். போனுக்குள் நார்வேயிலிருந்து அண்ணன் மகள் சௌமியா. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. தான் விமானம் ஏறி வந்து சேர இரண்டு நாளாகும், இந்தச் சித்திரை வெயிலில் அப்பாவை ஐஸ் பெட்டியில் போட்டுக் காக்க வைக்க வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். காலையில் டீக்கடையிலிருந்து வந்து கட்டிலில் உட்கார்ந்த அண்ணன் தீர்த்தகிரி அப்படியே சாய்ந்தவர்தான். நாலு மணிக்கு எடுப்பதாகப் பேச்சு. மகன் இல்லாத வீடு என்பதால் தம்பி பொன்னன்தான் கொள்ளி வைக்க வேண்டும்.

வாசலில் உடம்பைக் குளிப்பாட்டப் பலகை போட்டாயிற்று. பங்காளி வீட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதற்காகப் பொன்னனின் போர்க் கிணற்றிலிருந்து இரண்டு குடம் வந்து நின்றது. ஆனால் அண்ணி குஞ்சம்மாளுக்கு அது போதவில்லை.

"அந்த நார்வே தண்ணி பாட்டில எடுத்துட்டு வாங்க தம்பி. கடைசியா வாய்க்கு அதைத்தான் ஊத்தோணும்னு ஊரெல்லாம் சொல்லிட்டுப் போயிருக்கறாருங்க."

ஊரெல்லாம் சொன்னது உண்மைதான். அதைக் கேட்டுக் கேட்டுப் பொன்னன் அளவுக்குக் காது புளித்தவர்கள் அந்த ஊரில் வேறு யாருமில்லை.

நாலு வருஷத்துக்கு முன்பு சௌமியா தன் அப்பா அம்மாவை வரவழைத்து மலைகளுக்கு நடுவே தண்ணீர் நிற்கும் அந்த ஊர் ஃபியோர்டுகளைக் கப்பலில் சுற்றிக் காட்டினாள். திரும்பி வந்த தீர்த்தகிரியின் வாயில் அது 'பியாடு' ஆகிவிட்டது. காளிதாஸ் டீக்கடை பெஞ்சில் அந்தக் கப்பல் தினமும் ஒரு தரம் கிளம்பியது. இரண்டு பக்கமும் கொல்லிமலையை நட்டக்குத்தாக நறுக்கி நிறுத்தின மாதிரி மலை. மலை உச்சியில் ஐஸ். அது உருகி ஊற்றுகிற அருவிகளை எண்ணப் போனால் கழுத்து வலிதான் மிச்சம். ராத்திரி பத்து மணிக்கும் பேப்பர் படிக்கலாம், அப்படி வெளிச்சம். இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டுத்தான் ஆழத்துக்கு வருவார். நாலாயிரம் அடி. போர் போடுகிற நம்ம ரிக்கை வைத்து அடித்தாலும் அடி தட்டாது. அத்தனையும் தண்ணீர். அத்தனையும் தித்திப்பு. அதைச் சொல்லும்போது மட்டும் தீர்த்தகிரியின் பார்வை மற்றவர்களையெல்லாம் தாண்டித் தம்பியிடம் வந்து நிற்கும்.

பொன்னனுக்கு வயிறு எரியும். அதில் ஒளிவுமறைவு எதற்கு? அண்ணன் ரிக் வண்டியில் டிரில்லராக ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் என்று சுற்றிய முப்பது வருஷமும் இவர் எருமை கறந்து மஞ்சள் காட்டுக்கு மடை மாற்றிக்கொண்டிருந்தார். நார்வேக்குக் கிளம்பும்போது, "சௌமியா உனக்கும் டிக்கெட் போடறேங்கறா, வாடா" என்று அண்ணன் கூப்பிடத்தான் செய்தார். எருமை கறக்க ஆளில்லை என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டார் பொன்னன். அவர்கள் விமானம் ஏறின மறுவாரமே சேலத்துக்குப் போய் பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்தார். வந்த பாஸ்போர்ட்டை மனைவி ஜோதிக்கும் தெரியாமல் காட்டுப் பத்திரத்துக்கு அடியில் வைத்தார். இன்னொரு தரம் கூப்பிட்டால் போய்விடுவது என்றிருந்தார். இன்னொரு தரம் யாரும் கூப்பிடவில்லை. வாய் விட்டுக் கேட்கவும் இவருக்கு மனசு வரவில்லை.

ஒரே ஒரு விஷயத்தில்தான் பொன்னனின் கை ஓங்கியிருந்தது. நாடெல்லாம் போய்த் தண்ணீர் எடுத்துக் கொடுத்த தீர்த்தகிரி தன் சொந்தக் காட்டில் போட்ட மூன்று போரிலும் புழுதிதான் பறந்தது. வரப்புக்கு இந்தப் பக்கம், அதே அண்ணன் கையால் தம்பிக்குப் போட்டுக் கொடுத்த போரில் இருநூற்று முப்பது அடியில் கற்கண்டு மாதிரி தண்ணீர். அண்ணன் வீட்டுத் தொட்டிக்குத் தினமும் ஒரு மணி நேரம் பொன்னன் கேட்வால்வைத் திறந்துவிடுவார். மணி பார்த்துத்தான் மூடுவார். அதில் அவருக்கு ஒரு சுகம் இருந்தது. பியாடு வந்து அதையும் கெடுத்தது.

பாட்டில் கைக்குத் தட்டுப்பட்டது. அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில். காசித் தீர்த்தத்துக்குச் செய்வது போல மூடிக்கு மேல் மஞ்சள் நூல் சுற்றி, குங்குமம் வைத்திருந்தார்கள். ஒரு தரம், ஒரே ஒரு தரம், ஒரு சொட்டு நாக்கில் விடச் சொல்லிப் பொன்னன் கேட்டிருக்கிறார். நான் சாகிற அன்றுதான் இதைத் திறப்பது என்று சொல்லி அண்ணன் பீரோவைப் பூட்டினார்.

இதோ, செத்தாயிற்று. பொன்னன் போனைக் கட்டில் மேல் மல்லாக்க வைத்தார். வாசல் பக்கம் ஒரு முறை பார்த்தார். நூலை அறுத்து மூடியைத் திருகி ஒரு வாய் குடித்தார்.

குமட்டியது. உப்பு. கரித்துக் கொட்டுகிற உப்பு. அண்ணனின் அறையில் துப்பவும் முடியாமல் கண்ணை மூடி விழுங்கினார். விழுங்கின கையோடு நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி பரவியதையும் சொல்லத்தான் வேண்டும். நாலு வருஷ எரிச்சல் ஒரு வாயில் அடங்கியது. இதற்குத்தானா இத்தனை ஆட்டம்?

"சித்தப்பா, குடிச்சுட்டீங்களா?" கட்டிலிலிருந்து சௌமியாவின் குரல் வந்தது.

பொன்னன் போனை எடுத்தார்.

"அது கடலுங்க சித்தப்பா. மலைக்கு நடுவுல பூந்து வந்து நிக்கிற கடல். அருவித் தண்ணி நல்ல தண்ணிதான், அது இதுல வந்து விழுகுது. அப்பா ஆறுன்னே நெனச்சுட்டாரு. கும்பிட்டுட்டு பாட்டில்ல மொண்டாரு, அப்புறம் ஒரு கை அள்ளி வாயில ஊத்துனாரு. ஊத்துனவரு அப்படியே நின்னுட்டாரு."

"கீழ கொட்டிருக்கலாமல்ல."

"நானும் சொன்னனுங்க. கேக்கல. மூடியப் போட்டு இறுக்கிட்டாரு." சௌமியா மூக்கை உறிஞ்சினாள். "பொன்னங்கிட்ட மட்டும் சொல்லிப்போடாத சாமின்னாரு. அவங்கிட்ட இல்லாத தண்ணி ஒண்ணாவது எங்கிட்ட இருக்கட்டும்னாரு."

வெளியே யாரோ பொன்னனைக் கூப்பிட்டார்கள். அவர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தொட்டி நிறைவதற்குள் மணியாகிவிட்டது என்று கேட்வால்வை மூடிய நாட்களில், மேட்டில் நின்று அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. அண்ணன் ஒரு நாளும் எதுவும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருக்க மாட்டோமா என்று தனக்குள் சொல்லிப் பார்த்தார். விட்டிருப்போம் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

வாசலில் பலகை மேல் தீர்த்தகிரியை உட்கார வைத்து, சாயாமல் இரண்டு பேர் பிடித்திருந்தார்கள். டீக்கடை பெஞ்சு மொத்தமும் வந்திருந்தது. பொன்னனின் போர்த் தண்ணீரைத் தலையோடு ஊற்றிக் குளிப்பாட்டி முடித்தார்கள். அண்ணி பாட்டிலுக்குக் கண்ணைக் காட்டினாள். பொன்னன் மூடியைத் தொட்டதும் காளிதாஸ் எட்டிப் பார்த்தார்.

"நூலு அந்திருக்குதே. குடிச்சுப் பாத்துட்டீங்களாட்ட இருக்குது. எப்படிங்க, பெரியவரு சொன்னாப்பல தித்திப்புத்தானுங்களா?"

சுற்றி நின்ற அத்தனை பேரும் பொன்னனைப் பார்த்தார்கள். ஒரே ஒரு வார்த்தை போதும். நாலு வருஷமாக அந்த பெஞ்சில் ஓடின கப்பல் இந்த வாசலிலேயே மூழ்கிவிடும். அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும் என்பது பொன்னனுக்கு அப்போது புரிந்தது.

"தித்திப்புன்னா தித்திப்பு," என்றார். "நம்ம போருத் தண்ணியெல்லாம் இதுங்கிட்ட நிக்க முடியாதுங்க."

காளிதாஸ் தலையை ஆட்டிக்கொண்டார். சொன்ன மாத்திரத்தில் பொன்னனுக்குப் பழையபடி வயிறு எரிந்தது. செத்தும் ஜெயித்துவிட்டார் மனுஷன் என்று நினைத்தார். அண்ணனின் முகவாயைப் பிடித்துக் கொஞ்சம் தூக்கி, உதட்டுக்கு நடுவில் பாட்டிலைச் சாய்த்தார். உள்ளே போனது கொஞ்சம்தான். மீதி மீசை வழியாக இறங்கி நெஞ்சில் ஓடியது.

துடைத்து, புது வேட்டி கட்டி, மாலை போட்டுப் பாடையில் கிடத்தினார்கள். தோள் கொடுக்க வேண்டிய ஆட்கள் பந்தலுக்குள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். வெயில் நேராக முகத்தில் அடித்தது. கொள்ளிச் சட்டியை எடுக்கக் குனிந்த பொன்னன் அண்ணனைப் பார்த்தார். காய்ந்துபோன மீசை ஓரத்திலும் முகவாயிலும் மெல்லிசாக வெள்ளை உப்பு பூத்திருந்தது.

அக்கம் பக்கம் பார்த்தார். குடத்தில் தன் போர்த் தண்ணீர் கொஞ்சம் மிச்சமிருந்தது. துண்டின் நுனியை அதில் நனைத்துக் கொண்டுவந்து, காளிதாஸ் இந்தப் பக்கம் திரும்புவதற்குள் அந்த வெள்ளையைத் துடைத்துவிட்டார்.